உதடு படாமல்

பழ வாசனை வரும், பயப்படாதீங்க மாமி என்று சொல்லி, நர்ஸ் ஜெசிந்தா அந்தப் பச்சைக் குழாயைக் கையில் கொடுத்து அதன் நாடாவை மணிக்கட்டில் மாட்டிவிட்டுப் போனதிலிருந்து அபயம் மாமிக்கு ஒரே குழப்பமாக இருந்தது. என்ன பழம் என்று அவள் சொல்லவில்லை. வாழையா, பலாவா, கொய்யாவா, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசனை இருக்கிறதே, பொதுவாகப் பழ வாசனை என்று ஒன்று உலகத்தில் உண்டா என்ன. கேட்டிருக்கலாம். கேட்டால், வந்ததா என்று அவள் திருப்பிக் கேட்பாள், வந்தது என்று மாமி பொய் சொல்ல வேண்டியிருக்கும். பொய் ஒன்றும் புதிதில்லை. போன வருஷம் ஆடி மாதத்திலிருந்து இந்த மூக்கு ஒரு வாசனையையும் உள்ளே விடவில்லை. எதிர்வீட்டுக்காரி ஜாதிமுல்லைச் சரத்தை முகத்துக்கு நேரே நீட்டினால் அடடா என்பாள், யாராவது ஊதுவத்தி ஏற்றினால் கண்ணை மூடிக்கொள்வாள், கட்டின புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அவர் வெளியே பெஞ்சில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஜலதோஷத்துக்கு வைத்தியம் என்று நினைத்துக்கொண்டு. டாக்டர் நீலகண்டனிடமே தலைவலி, மூக்கடைப்பு, கன்னத்தில் கனம் என்று சுற்றி வளைத்துத்தான் சொன்னாள். வாசனை தெரிகிறதா மாமி என்று அவர் கேட்டபோது, கொஞ்சம் மட்டு என்றாள். கொஞ்சம் மட்டாம். டாக்டர் அவளையே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, கன்னத்து எலும்புக்குள் இருக்கிற சைனஸ் அறையின் வாசல் அடைத்துக்கொண்டிருக்கிறது, சின்னதாக ஒரு பலூனை உள்ளே விட்டு ஊதி வாசலை அகலமாக்கி, கட்டிக்கிடப்பதைக் கழுவி விடுகிறேன், அரை மணி நேர வேலை, மயக்கம் கொடுக்கத் தேவையில்லை என்றார். மூக்கில் மரத்துப்போகிற மருந்துப் பஞ்சு வைப்பார்களாம். அதற்கு மேலும் வலித்தால் இந்தக் குழாயில் வாயால் மூச்சை இழுக்க வேண்டியது, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, நீங்களேதான் இழுத்துக்கணும், நினைவு தப்பாது, கொஞ்சம் மிதக்கிறாப்போல இருக்கும் என்றார். அந்த மிதக்கிறதுதான் மாமிக்குப் பிடிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரியின் மைத்துனருக்குப் பல் பிடுங்கும்போது இப்படித்தான் ஏதோ வாயு கொடுத்தார்களாம், மனுஷர் நாற்காலியில் சாய்ந்தபடி பெண்டாட்டியின் அக்காவைப் பற்றி ஊருக்கே கேட்கும்படி பேசிவிட்டாராம். மாமிக்கு யாருடைய அக்காவும் பிரச்சினை இல்லை. இருப்பது ஒரே ஒரு ரகசியம். அது இந்த டாக்டர் காதில் மட்டும் விழக் கூடாது, ஏனென்றால் ஐப்பசியில் அவர் அப்பாவின் வருஷத் திதியான தேவசத்துக்குச் சமைத்தவள் அவள்தான்.

முப்பத்திரண்டு வருஷமாகத் திருவானைக்காவலில் அது ஒன்றுதான் அவள் தொழில். கல்யாணச் சமையலுக்கு ஆள் இருக்கிறது, சீமந்தத்துக்கு இருக்கிறது. அப்பா அம்மாவுக்கு வருஷத்துக்கு ஒருநாள் போடுகிற சாப்பாட்டை மிளகாய் இல்லாமல், பெருங்காயம் இல்லாமல், மடி ஆசாரம் குறையாமல் செய்து இறக்கிவைக்க அபயம் மாமியைக் கூப்பிடு என்பார்கள். அந்தச் சாப்பாட்டில் உப்புப் பார்க்கக் கூடாது. இலையில் உட்கார்ந்த பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை ஒரு சொட்டு நாக்கில் படக் கூடாது. அப்படியானால் உப்பு சரியா, துவையல் வறுபட்டதா, பாயசம் பாகம் வந்ததா என்று எதை வைத்துச் சொல்வது. மூக்கை வைத்துத்தான். ரசம் நுரைகட்டி எழும்போது அந்த ஆவியிலேயே உப்பு தெரியும் என்று மாமி சொன்னால் புதுசாகக் கல்யாணமான பெண்கள் சிரிப்பார்கள், பிறகு சாப்பிட்டுப் பார்த்து வாயை மூடிக்கொள்வார்கள். அந்த மூக்குதான் போய்விட்டது. போன பிறகு கையை நம்பினாள், கண்ணை நம்பினாள், அளவை விரல்விட்டு எண்ணினாள். ஒன்றும் தப்பு நடக்கவில்லை என்றுதான் நினைக்கிறாள். நினைக்கிறாளே தவிர எப்படித் தெரியும். அன்றைக்குச் சாப்பாடு நன்றாயிருக்கிறது என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது, அது வழக்கம். எல்லாம் முடிந்து திதி கொடுக்கிறவர் கைகூப்பித் திருப்தியா என்று கேட்பார், சாப்பிட்டவர்கள் திருப்தி என்பார்கள். முப்பத்திரண்டு வருஷமாக அவள் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். நன்றாகச் செய்தபோதும் அதே சொல், இந்த ஒரு வருஷமும் அதே சொல். நாலைந்து வீடு என்றால் பரவாயில்லை, பதினெட்டு வீடு. பதினெட்டு வீட்டிலும் சாப்பிட வந்த பித்ருக்கள் எங்கிருந்து வந்தவர்களோ அங்கேயே முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போயிருந்தால். இந்த நினைப்பு வந்தால் லேசில் போகாது. அதற்குள் ஜெசிந்தா வந்து கையைப் பிடித்து, இழுத்துக்கிட்டே இருங்க மாமி, டாக்டர் ஆரம்பிக்கப் போறார் என்றாள்.

இழுத்துக்கொண்டுதான் இருந்தாள். குழாயை முகத்துக்கு நேரே தூக்கி, வாயைத் திறந்து, உதட்டுக்கும் குழாய்க்கும் ஒரு விரற்கடை இடம் விட்டு, கூஜாத் தண்ணீரை அண்ணாந்து குடிக்கிற மாதிரி, மூச்சை உள்ளே வாங்கினாள். காற்று வந்தது. சாதாரணக் காற்று. பழமும் இல்லை, காயும் இல்லை. டாக்டரின் முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. மூக்கிலிருந்து பஞ்சை எடுத்தார், ஏதோ மெல்லிசாக நீளமாக ஒன்று உள்ளே போனது, முதலில் தும்மல் வருகிறாப்போல, பிறகு கண்ணுக்குப் பின்னால் யாரோ விரலை வைத்து அழுத்துகிறாப்போல. வலித்தது. இவ்வளவுதானா மருந்து. இல்லை, மருந்து வேலை செய்கிறது, இல்லாவிட்டால் இதைவிட வலிக்கும். அல்லது வேலை செய்யவில்லை, இதுதான் முழு வலி. எப்படித் தெரியும். வாசனை வந்தால் மருந்து வருகிறது என்று அர்த்தம் என்று அந்தப் பெண் சொன்னாள், வாசனை வராதவளிடம் வந்து சொன்னாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. கண்ணை மூடினால் உடனே டாக்டர் வீட்டுச் சமையலறை வந்து நின்றது, வேறு இடமே கிடைக்கவில்லை அதற்கு. ஐப்பசி, அடைமழை, ஜன்னலை எல்லாம் சாத்தியிருந்தார்கள். நாலு அடுப்பும் எரிகிறது. அவள் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். நிமிர்ந்தால் நிலைப்படியில் டாக்டரின் மனைவி சுபாஷிணி நிற்கிறாள். அடுப்பைப் பார்க்கிறாள், மாமியைப் பார்க்கிறாள், மறுபடி அடுப்பைப் பார்க்கிறாள். என்னம்மா வேணும் என்று கேட்டாள் மாமி. ஒண்ணுமில்லை மாமி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒன்றுமில்லை என்றால் எதற்கு வந்தாள். மடிச் சமையல் நடக்கிற இடத்துக்குக் குளித்துவிட்டு யாரும் சும்மா வந்து நிற்க மாட்டார்கள். தண்ணீர் கேட்க வந்திருப்பாள். இல்லை, தண்ணீர் கூடத்திலேயே இருந்தது. தேங்காய் போதுமா என்று கேட்க வந்திருப்பாள். கேட்கவில்லையே.

அதற்குள் டாக்டரின் கையிலிருந்தது இன்னும் உள்ளே போனது, மாமி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு ஐயோ அம்மா என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். டாக்டர் உடனே நிறுத்தினார். ஜெசிந்தா குனிந்து குழாயைப் பார்த்தாள், மாமியின் உதட்டைப் பார்த்தாள், மறுபடி குழாயைப் பார்த்தாள். அதே பார்வை. நிலைப்படிப் பார்வை. ஆனால் இந்தப் பெண் ஒண்ணுமில்லை என்று சொல்லிவிட்டுப் போகிற ரகம் இல்லை.

"மாமி, நீங்க குழாயை வாயில வைக்கவே இல்லையே. எட்ட வச்சு இழுத்தா வெறும் காத்துதான் வரும். உதட்டால இறுக்கிக் கவ்வுங்க."

எச்சில் ஆகாதோ என்று மாமி கேட்டாள். கேட்ட பிறகுதான் எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று தெரிந்தது. எச்சிலானா என்ன மாமி, இது உங்களுக்குன்னே பிரிச்சது, முடிஞ்சதும் குப்பைக்குப் போயிடும் என்றாள் ஜெசிந்தா, சிரிக்காமல். அவள் சிரிக்காதது மாமிக்குப் பிடித்திருந்தது. ஐம்பத்தொன்பது வயதில் ஒரு தம்ளரில்கூட உதடு பட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் அவர் கஞ்சியை உயரத் தூக்கித்தான் ஊற்றினார், பாதி கழுத்தில் வழிந்தது. குழாயை வாயில் வைத்து உதட்டைக் குவித்தாள். வெட்கமாக இருந்தது, யாரோ பார்க்கக் கூடாததைப் பார்க்கிறாப்போல. இழுத்தாள். தொண்டையில் ஏதோ தித்திப்பாகப் பட்டது, தித்திப்புதானா, இருமல் வந்தது. மெதுவா, மெதுவா, வெளியே விடறதும் குழாய்க்குள்ளேயே விடுங்க என்றாள் ஜெசிந்தா. இழுத்தாள், விட்டாள். ஆறு தடவை, ஏழு தடவை, எண்ணிக்கை எங்கேயோ நழுவியது, எட்டு என்று சொன்னாளா ஏழு என்று சொன்னாளா, எட்டு பேருக்குத்தான் வடை தட்ட வேண்டும், ஏழு தட்டிவிட்டாளோ. கால் விரல்கள் தூரத்தில் இருந்தன. வலி இருந்தது, ஆனால் பக்கத்து வீட்டில் இருந்தது. இதுதான் மிதக்கிறது போலிருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது, இதற்கா பயந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் முக்கியம், வாயில் குழாய் இருக்கிறவரை பேச முடியாது, எவ்வளவு சௌகரியம். ஐப்பசி, மழை, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது. அப்புறம் மழை விட்டிருந்ததா. இல்லை, கொட்டிக்கொண்டிருந்தது, கொட்டுகிற மழையில் யாரோ வந்து ஜன்னல்களைத் திறந்தார்களே. யார் திறந்தது. டாக்டரின் அம்மா. தன் புருஷன் திதியன்று அந்த அம்மாள் கூடத்து ஜன்னலை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனாள், சாரல் உள்ளே அடித்தது, ஜமக்காளம் நனைந்தது, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இது ஏன் இத்தனை நாள் ஞாபகம் வரவில்லை. மழையில் ஜன்னலைத் திறப்பார்களா. இலையில் உட்கார்ந்த சாம்பு வாத்தியார் பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே, அது நிஜம்தானே, இவள் கண்ணால் பார்த்தாள். பிடித்து வாங்கினாரா. பிடித்திருந்தால் இரண்டாம் தடவை வாங்கும்போது எதற்காகச் சமையலறைப் பக்கம் அப்படி ஒரு தடவை பார்த்தார். சாயங்காலம் கிளம்பும்போது டாக்டர் வாசல்வரை வந்து தன் கார்டைக் கொடுத்து, ஒருதரம் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போங்கோ மாமி, உங்க பேச்சு மூக்கடைச்சாப்போல இருக்கு என்றார். பேச்சா. அன்றைக்கெல்லாம் அவள் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். சுபாஷிணி நிலைப்படியில் நிற்கிறாள். அடுப்பில் என்ன இருந்தது. எந்த அடுப்பைப் பார்த்தாள். மூன்றாவது. மூன்றாவது அடுப்பில் வெண்கல உருளி இருந்தது. உருளியில்.

மண்டைக்குள் எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. முறுக்கு கடிக்கிற சத்தம் இல்லை, அதைவிடக் கெட்டி. பலூன் ஊதறோம், சத்தம் கேட்கும், பயப்படாதீங்கோ என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார், இப்போதும் சொன்னார், எங்கிருந்தோ சொன்னார். வாசல் திறக்கிறது என்று மாமி நினைத்தாள், யாருடைய வாசல் என்று சரியாகத் தெரியவில்லை. பிறகு தண்ணீர். மூக்கு வழியாக உள்ளே போய்த் தொண்டைக்குள் இறங்கியது, ஜெசிந்தா ஒரு கிண்ணத்தை மோவாய்க்குக் கீழே பிடித்து வாயிலிருந்து குழாயை எடுத்து, துப்புங்க என்றாள். துப்பினாள். உப்பு. நல்ல உப்பு. நாக்கு இருக்கிறது, நாக்கு எங்கும் போகவில்லை.

"ஒரு கல் ஜாஸ்தி," என்றாள் மாமி.

டாக்டர் என்ன மாமி என்றார். தண்ணியில உப்பு ஒரு கல் ஜாஸ்தி என்றாள். முகமூடிக்குள் டாக்டர் சிரித்தது கண்ணில் தெரிந்தது. அந்தச் சிரிப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் மாமி வாயை மூடிக்கொண்டிருப்பாள். வாயில் குழாயும் இல்லை, கையில் பிடிப்பும் இல்லை, எதை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும், எதை வெளியே விட வேண்டும் என்பது கலைந்துபோயிருந்தது. கேட்கக் கூடாது என்று ஒருத்தி நினைத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி கேட்டுவிட்டாள். இரண்டு பேரும் அவள்தான்.

"டாக்டர், உங்காத்துல அன்னிக்கு உருளியில என்ன ஆச்சு?"

அவர் கை நின்றது. ஜெசிந்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை, உருளியா என்றாள். டாக்டர் கையிலிருந்ததைத் தட்டில் வைத்தார். முகமூடியைக் கீழே இறக்கினார். சின்ன வயசுக்காரர்தான், நாற்பத்தைந்து இருக்கும், ஆனால் அந்த நிமிஷம் தப்பு செய்து பிடிபட்ட பையன் முகமாக இருந்தது.

"பாயசம் அடிப்பிடிச்சுடுத்து மாமி. வீடு பூரா தீஞ்ச வாசனை. சுபா ஓடி வந்தா. நீங்க அடுப்புக்குப் பக்கத்துலயே உட்கார்ந்து நிதானமா கறிவேப்பிலை ஆஞ்சுண்டிருந்தேளாம். என்கிட்ட வந்து சொன்னா. அப்பவே எனக்குத் தெரிஞ்சுடுத்து, உங்களுக்கு வாசனையே இல்லைன்னு."

"சொல்லியிருக்கலாமே."

"அன்னிக்கு எப்படிச் சொல்றது. சமைச்சவா மனசு நோகப்படாதுன்னு அம்மா சொல்லிட்டா."

"வாத்தியார் ரெண்டாம் தடவை வாங்கிண்டாரே."

"நீங்க பார்த்துண்டிருந்தேள். அதனால வாங்கிண்டார்."

எல்லாரும் திருப்தின்னு சொன்னாளே என்றாள் மாமி, மேலே விளக்கைப் பார்த்தபடி. டாக்டர் மெதுவாக, அப்படித்தானே மாமி சொல்லியாகணும் என்றார். முகமூடியை ஏற்றிக்கொண்டு மறுபக்கத்து மூக்கைப் பார்க்க ஆரம்பித்தார். இந்தத் தடவை ஜெசிந்தா சொல்லாமலே மாமி குழாயை எடுத்து உதட்டால் கவ்விக்கொண்டாள். துக்கமாக இருந்தது, நன்றாகத் தெரிந்தே துக்கமாக இருந்தது, மருந்து அதைத் தொடவில்லை. பதினெட்டு வீடு. அதில் ஒரு வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. மீதிப் பதினேழில் எத்தனை நிலைப்படியில் எத்தனை சுபாஷிணி நின்றுவிட்டுப் போனாளோ. எல்லாருமாகச் சேர்ந்து அவளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். எதிலிருந்து என்றுதான் விளங்கவில்லை. அந்த அம்மாளின் புருஷனுக்கு வருஷத்தில் கிடைக்கிற ஒரு வேளைச் சாப்பாடு தீய்ந்துபோயிருக்கிறது, அவருக்காக ஒருத்தராவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா. எதிர்வீட்டுக்காரியிடம் அடடா என்றவள் வேறு யார். அவளும்தானே இத்தனை நாள் எல்லாரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்ததும் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்ச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது, அந்தப் பக்கம் அவருடைய பேப்பரின் கீழ்ப்பாதியும் செருப்பும் தெரிந்தன. வாசனை உடனே வராது, ஆறு வாரம் ஆகலாம், மூணு மாசம் ஆகலாம், வராமலும் இருக்கலாம், பார்ப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அவர் பார்ப்போம் என்றதை மாமி ஒன்றுக்கு இரண்டு தடவை நினைத்துப் பார்த்தாள், அதுவும் இன்னொரு திருப்தியா, இல்லை நிஜமாகவே பார்க்கிறதா. ஜெசிந்தா காகிதக் கோப்பையில் தண்ணீர் கொடுத்தாள். மாமி அதை உயரத் தூக்கினாள், தலை சுற்றியது, கையை இறக்கி உதட்டில் வைத்தே குடித்தாள். குடித்து முடிக்கிறவரை அந்தப் பெண் ஓர் அட்டையில் காகிதத்தைச் செருகி வைத்துக்கொண்டு நின்றாள். இந்தக் குழாய் மருந்து இங்கே புதிது, அதனால் எல்லா நோயாளிகளிடமும் கேட்டு எழுதிக்கொள்கிறோம் என்றாள். பேனா ஏற்கெனவே ஒரு கட்டத்துக்கு மேலே போய் நின்றிருந்தது.

"திருப்தின்னு போட்டுடட்டுமா மாமி?"

மாமி அந்தப் பேனாவைப் பார்த்தாள். தலைக்குள் இன்னும் கொஞ்சம் மிதந்துகொண்டிருந்தது, தலையை ஆட்டிவிட்டால் போதும், அந்தப் பெண்ணும் சந்தோஷமாகப் போய்விடுவாள். வியாழக்கிழமை ரிடையர்டு தாசில்தார் வீட்டில் திதி. வாழைக்காய், பாகற்காய், பிரண்டைத் துவையல், பயத்தம்பருப்புப் பாயசம்.

"போடாதே," என்றாள். "பாதி நேரம் உயிர் போற வலி. உதடு படாம இழுத்தது என் தப்பு, அதையும் எழுதிக்கோ. அடுத்தாப்ல என்னை மாதிரி ஒருத்தி வந்தா முன்னாடியே சொல்லு. பழ வாசனைன்னியே, அது வரலை. எனக்கு ஒரு வருஷமா எந்த வாசனையும் வரலை."

ஜெசிந்தா எழுத ஆரம்பித்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் பேப்பர் மடங்கியது. அவர் எழுந்து வந்து வாசலில் நின்று, என்ன சொன்னே என்று கேட்டார். காது மந்தம் என்பாரே தவிர, கேட்க வேண்டியது கேட்டுவிடும் அவருக்கு.

"தாசில்தார் ஆத்துக்குப் போன் போட்டுக் கொடுங்கோ," என்றாள் மாமி. "வியாழக்கிழமை வரேன். ஆனா மூக்கு இருக்கிறவா யாராவது ஒருத்தர் குளிச்சுட்டு என் அடுப்புப் பக்கத்துல நிக்கணும். நிக்கறவா வாயைத் திறந்து சொல்லணும்."